கல்யாண நகை: பவுனை எண்ணும் முன் கழுத்தைப் பாருங்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் வருகிற முதல் கேள்வி "எத்தனை பவுன்?" என்பதுதான். அதற்கு இங்கே பதில் கிடைக்காது. அது 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் போட்டுத் தடுத்த பேச்சு. நகையைத் தேர்ந்தெடுக்க அது எந்த விதத்திலும் உதவாது. வீட்டில் இருப்பது, புதிதாக வாங்குவது, வாடகைக்கு எடுப்பது என்று முன்னால் பரப்பி வைத்திருப்பவற்றில் எதை உடம்பில் போடுவது, எதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது என்பதுதான் நம் வேலை.

என் கல்யாணத்தில் யாரும் எதையும் பெட்டியில் விட்டுவைக்கவில்லை. அம்மாவின் காசு மாலை, அத்தை கொடுத்த ஆரம், கடைசி வாரத்தில் அவசரமாக வாங்கிய கனத்த ஜிமிக்கி எல்லாம் ஏறின. காது நான்கு நாள் வலித்தது. ஆல்பத்தில் அந்த ஆரம் ஒரு படத்தில்கூட இல்லை. ஏன் என்று இரண்டாவது படியில் சொல்கிறேன்.

படி 1: புடவையும் ரவிக்கையும் முதலில்

நகைக்கடைக்குப் போகும்முன் ரவிக்கை தைத்து முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் கழுத்து வெட்டையாவது தீர்மானித்துவிடுங்கள். கழுத்தை ஒட்டிய ரவிக்கைக்கு அட்டிகை எடுபடாது. துணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அகலக் கழுத்துக்கு அட்டிகை ஒன்றே போதும்.

தேவாலயத் திருமணத்துக்கு வெள்ளைப் புடவையும் தலையில் வலையும் என்றால் கணக்கே வேறு. ஓரத்தில் கூர்மையான கொத்துவேலை உள்ள எதுவும் வலையில் மாட்டி இழுக்கும். நெற்றிச்சுட்டியையும் பெரிய ஜிமிக்கியையும் வரவேற்புக்கு ஒதுக்கிவிட்டு, வெள்ளைக்கு வெறும் தங்கமோ முத்தோ போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக் கல் செட் வெள்ளைப் புடவையில் கொஞ்சம் சத்தமாகப் பேசும் என்பது என் எண்ணம். உங்கள் மதினி ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

படி 2: கழுத்து

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. மணப்பெண்ணின் கழுத்தில் நகை மட்டுமா இருக்கப்போகிறது? தாலி ஏறும், அதற்கு மேல் பூமாலையும் விழும். அதுவும் பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையிலிருந்து வருகிற மாலை என்றால் நெஞ்சை மூடித் தொடைவரை தொங்கும். தோவாளை மாணிக்க மாலை புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. அதன் முன்னால் உங்கள் ஆரம் எடுபடாது. நீள ஆரமும் காசு மாலையும் மாலைக்குள் மறைந்துபோவதோடு, காசுகள் புரண்டு பூநாரில் சிக்கவும் செய்யும்.

அதனால் முகூர்த்த நேரத்துக்குக் கழுத்தை ஒட்டிய ஒன்று, அதற்கு நான்கு விரல் கீழே இன்னொன்று, அவ்வளவுதான். அட்டிகையும் மாங்காய் மாலையும் நல்ல ஜோடி. நாஞ்சில் நாட்டு வீடுகளில் மலையாளப் பக்கத்துப் பாலக்கா மாலை இருக்கும். அதன் பச்சை, அரக்கு நிறப் பட்டின் மேல் தனியாக எழுந்து நிற்கும். காசு மாலையைப் பூமாலை கழற்றிய பிறகு, வரவேற்புக்குப் போடுங்கள். அப்போதுதான் அது கண்ணில் படும்.

பின்கழுத்தையும் மறக்க வேண்டாம். அட்டிகையின் கயிறும் தாலியின் முடிச்சும் ஒரே இடத்தில் விழுந்தால், முடிச்சுப் போட வரும் நாத்தனாரின் விரல்கள் திணறும். அட்டிகைக் கயிற்றைக் கொண்டைக்குக் கீழே ஒட்டி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

படி 3: காதும் தலையும்

கனத்த ஜிமிக்கி போட்டே ஆக வேண்டும் என்றால் மாட்டல் கட்டாயம். அது அழகுக்கு மட்டும் வந்ததில்லை. கனத்தைக் காது மடலிலிருந்து கூந்தலுக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. வாங்கும்போது கடையிலேயே அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தலைக்கு நெற்றிச்சுட்டி, இருபுறமும் சூரியன் சந்திரன், பின்னால் ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் என்று பட்டியல் நீளும். ஜடைநாகம் வைத்தால் பிச்சிப்பூவைக் குறைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கழுத்து பின்னால் இழுக்கும், பகல் பந்தி முடிவதற்குள் தலைவலி நிச்சயம்.

மூக்கு குத்தவில்லை என்றால் கடைசி வாரத்தில் குத்தாதீர்கள். அழுத்தி மாட்டும் நத்து போதும். மூக்குத்தி என்றதும் குமரி பகவதி அம்மன் ஞாபகம் வராமல் இருக்காது. கல்யாணத்துக்குக் காத்திருந்து கன்னியாகவே நின்றுவிட்டவள். அவளது மூக்குத்தி ஒளியை விளக்கு என்று நம்பிக் கப்பல்கள் வழிதவறின என்று கதை. அவள் மேனியில் எத்தனை நகை இருந்தாலும் ஊர் பேசுவது அந்த ஒரு கல்லைத்தான். உங்கள் கோலத்திலும் எந்த நகை பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டுத் தாமாக அடங்கிவிடும்.

படி 4: இடுப்பும் கையும்

ஒட்டியாணத்தைப் புடவை கட்டிய பிறகு அளந்து பாருங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தும் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது மணவறையில் வயிற்றை வெட்டும். வளையல் உள்ளே போனால் போதாது, வெக்கையில் வீங்கிய கையிலிருந்து வெளியே வரவும் வேண்டும்.

படி 5: தங்கமா, வடசேரி நகையா?

நாகர்கோவில் வடசேரியில், வெள்ளியில் வேலை செய்து, தங்க முலாம் பூசி, சிவப்பும் பச்சையுமாகக் கல் பதிக்கிறார்கள். கோயில் விக்கிரகங்களுக்குச் செய்த நகை பரதநாட்டிய மேடைக்குப் போய், பிறகு மணப்பெண்களிடம் வந்தது. நாகர்கோவில் கோயில் நகைக்கும் புவிசார் குறியீடு உண்டு.

வருஷம் முழுதும் போடக்கூடியதைத் தங்கத்தில் வாங்குங்கள். தலைச்சாமான், ஒட்டியாணம், மேல்கையில் போடும் வங்கி போல ஒரே நாளுக்கானதை வடசேரி நகையாக வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். உள்ளே வெள்ளியா செம்பா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கவரிங் நகை என்றால் ஒரு நாள் முன்னதாகவே சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். சிலருக்குக் கழுத்து சிவந்து அரிக்கும்.

படி 6: கடையில் கணக்கு

தங்க நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 22 காரட்டைக் குறிக்கும் 916, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

கல் நகையில் கல்லின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். 20 கிராம் அட்டிகையில் கல் 2 கிராம் என்றால் தங்கம் 18 கிராம்தான். சேதாரம் 12 சதவீதம் என்றால் 2.16 கிராம் சேர்ந்து 20.16 கிராமுக்குப் பணம். கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 2,01,600. 3 சதவீத ஜி.எஸ்.டி. 6,048 சேர்த்து 2,07,648 ரூபாய். கல் விலை தனி. கல்லையும் தங்கமாக நிறுத்துவிட்டால், அந்த 2 கிராமுக்கு மட்டும் 20,000 ரூபாய் கூடுதல், அதற்கும் சேதாரம், வரி. பேரம் பேசுவதானால் சேதாரத்தில் பேசுங்கள், அங்கேதான் இறங்குவார்கள்.

படி 7: ஒத்திகை

ஒரு வாரம் முன்பு புடவை முதல் குஞ்சலம் வரை எல்லாவற்றையும் போட்டு, ஒரு மணி நேரம் இருங்கள். குனிந்து யார் காலிலாவது விழுந்து எழுந்து பாருங்கள். எது கழன்று விழுகிறதோ அதை விட்டுவிடலாம்.

அன்றைக்கு முகப்பூச்சு, வாசனைத் திரவியம் எல்லாம் முடிந்த பிறகே நகை. ஒரு சின்ன டப்பாவில் இரண்டு திருகாணி, ஊக்கு, கறுப்பு நூல், ஊசி போட்டுச் சித்தி கையில் கொடுத்துவையுங்கள். கழற்றிய நகையை யார் வாங்கி வைப்பது என்பதும் முன்கூட்டியே ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

முலாம் நகையைக் கழுவக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கினால் கல் கறுத்துவிடும். வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். வாடகை நகை என்றால், வாங்கிய அன்றே கடைக்காரர் முன்னால் கற்களை எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விழாத கல்லுக்கு நான் ஒருமுறை பணம் கட்டியிருக்கிறேன்.