முதல்முறை இலங்கை போகிறீர்களா? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு செய்முறை

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் ஒகேனக்கல் ஆற்றங்கரையில் நடந்து பாருங்கள். ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாட்டில், பாறை இடுக்கில் சிக்கிய பழைய துணி, மீன் வறுவல் தின்ற தட்டு எல்லாம் கிடக்கும். போட்டுவிட்டுப் போனவர்கள் ஒருநாள் சந்தோஷமாக இருந்த குடும்பங்கள்தான். வாரிக்கொட்டுவது உள்ளூர்க்காரர்கள். இலங்கையில் இறங்கியதும் அந்தக் குடும்பம் நாமாகிவிடுகிறோம். அதனால் இந்த விளக்கத்தை ஒகேனக்கல்காரர் கண்ணோடு படியுங்கள்.

படி 1: போகும் வழி

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று இரண்டு விமானம் மாறிப் போகாதீர்கள். தரையிலிருந்து மேலே ஏறும்போதுதான் விமானம் எரிபொருளை அதிகமாகக் குடிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தக் கணக்கு மறுபடி தொடங்கும். மூன்று நாள் பயணமாக மூன்று முறை போவதைவிட, ஒரே முறை பத்து நாள் போவது எல்லா வகையிலும் நல்லது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கமுள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் உண்டு. ஆனால் கடல் சீறும் காலத்தில் நின்றுவிடும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் பேருந்து, அங்கிருந்து விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பேருந்து. அத்தை கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

படி 2: பெட்டி கட்டுவது

நம் ஊர்க்காரர்கள் தவறு செய்யும் இடம் இது. சீசனில் கிளம்பினால் கை தானாக மாம்பழக் கூடைக்குப் போகும். வேண்டாம். பழம், விதை, செடி எதுவானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் இலங்கைக்குள் கொண்டுபோகக் கூடாது. பழ ஈயும் கொட்டைக்குள் இருக்கும் வண்டும் என்ன செய்யும் என்று மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாம்பழத்தைக் கதிர்வீச்சில் காட்டிய பிறகுதான் 2007இல் அமெரிக்காவே உள்ளே விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாடு போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அரபு அமீரகம், சிங்கப்பூர் இரண்டிலும் கசகசாவுக்குத் தடை. அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் (விமான நிலையச் சோதனையில் காலியாக இருக்க வேண்டும்), இரண்டு மஞ்சப்பை, சோப்புக்கட்டி, தோளும் முழங்காலும் மூடும் உடை. மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போனால் வாசலில் பையைச் சோதித்து பாலிதீன் உறைகளை வாங்கிக்கொள்வார்கள். அங்கே முணுமுணுக்காமல் கொடுங்கள்.

படி 3: தங்குவது, சுற்றுவது

வீட்டோடு அறை விடும் குடும்பங்களைத் தேடுங்கள். காசு அந்தத் தெருவிலேயே தங்கும், சோறும் நன்றாக இருக்கும். ஊருக்கு ஊர் பேருந்து, ரயில். மலைநாட்டுப் பாதையில் மழைக்கு மண் சரியும். ரயில் ஓடுகிறதா என்று முதல்நாளே கேளுங்கள். கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள்.

படி 4: விகாரைகள் (பௌத்தக் கோயில்கள்)

செருப்பு, தொப்பி வெளியே. இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. சிலையைப் பார்த்தபடி நின்று கும்பிடுங்கள், படம் எடுக்க வேண்டுமானால் சிலையை மட்டும் எடுங்கள். கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை 2014இல் திருப்பி அனுப்பினார்கள். ‘ஆயுபோவன்’ வணக்கத்துக்கு, ‘ஸ்தூதி’ நன்றிக்கு. இந்த இரண்டு சிங்களச் சொல் போதும், முகம் மலர்ந்துவிடும்.

படி 5: யானையும் கடலும்

ராகி அறுவடையில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்கூட்டம் வரும்போது, விரட்டும் வனத்துறையினர் பின்னால் செல்போனோடு ஓடும் கும்பலைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையின் யாலா தேசியப் பூங்காவில் சிறுத்தை தெரிந்தால் ஜீப்புகள் அதே மாதிரிதான் மொய்க்கும். ஓட்டுநர் விரட்டுவது நம் கைக்காசுக்காக. ஏறும்போதே, “அண்ணா, சிறுத்தை தெரியாவிட்டாலும் டிப்ஸ் உண்டு, மெதுவாகப் போங்கள்” என்று சொல்லிவிடுங்கள். யானை பார்க்க, ஜூலை முதல் அக்டோபர் வரை மின்னேரியா குளம். மகாசேனன் என்ற அரசன் வெட்டியது. மழையில்லாத அந்த மாதங்களில் நீர் வற்றிப் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். யானைச் சவாரிக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கடலில் பவளப்பாறைமேல் நிற்காதீர்கள், அது உயிருள்ளது.

படி 6: தமிழ் பேசும் ஊர்களில்

இதை நான் தப்பாகச் செய்திருக்கிறேன். மலைநாட்டு நுவரெலியா பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியைக் கேட்காமலே படம் எடுத்தேன். அவர் நிமிர்ந்து, “எந்த ஊர் தம்பி?” என்றார். கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் என்றேன். “எங்க ஆளுங்களும் சேலம் பக்கம்னுதான் சொல்லுவாங்க” என்றார். செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பழைய சேலம் மாவட்டத்தாரும் உண்டு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். அன்றைக்கு எல்லாம் ஒரே சேலம்தான். இன்று கொழுந்து பறிப்பவர்களுக்கு எத்தனை கிலோ பறித்தார்கள் என்பதுதான் கணக்கு. படத்துக்கு நிற்கச் சொல்லும் ஐந்து நிமிடம் அவர்கள் கூடையிலிருந்து போகிறது. ஆகவே எடை போட்ட பிறகு பேசுங்கள், கேட்டுவிட்டு எடுங்கள். லயம் என்று சொல்லும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் கூப்பிடாமல் நுழையாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் மறுபடி எழுந்து நிற்கிறது, அவசியம் பாருங்கள். ஆனால் தேநீர் கொடுத்தவரிடம் போரைப் பற்றிக் கிளறாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லும்போது வீடியோ எடுக்காதீர்கள்.

படி 7: திரும்பும்போது

சங்கு, பவளத்துண்டு, ஆமையோட்டில் செய்தது எதுவும் வேண்டாம். சட்டச் சிக்கலும் வரும். தேயிலை வாங்குங்கள். வீடு வந்ததும், தங்கிய குடும்பத்தைப் பற்றி இணையத்தில் தமிழிலேயே நாலு வரி எழுதிப் போடுங்கள். அடுத்துக் கிளம்பும் பாலக்கோட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் அறை பிடிப்பார்.