தனியாகக் கடல் கடக்கப் பழைய பாய்மரப் படகு: வாங்கும் முன் கை எட்டுமா என்று பாருங்கள்

மலேசியாவின் லங்காவியிலும் அதை ஒட்டிய ரெபாக் தீவின் படகுத்துறையான மரீனாவிலும் கரையேற்றி நிறுத்தியிருக்கும் படகுகளுக்கு இடையே ஒரு மாலை நடந்து பார்த்தால், பாதி உலகைச் சுற்றி வந்த உரிமையாளர்கள் முதுமையாலோ சலிப்பாலோ இங்கேயே விட்டுச் சென்றவை பல கண்ணில் படும். அவற்றுள் ஒன்றை, 1978-இல் கட்டப்பட்ட 31 அடி ஃபைபர் படகை, நான் வாங்கினேன். உள்ளே தேக்குப் பலகைகள் பளபளத்தன. பித்தளை விளக்கு ஒன்று தொங்கியது. வாங்குவதற்கு அவை போதும் என்று அன்று தோன்றியது. அந்தத் தவறுக்குக் கொடுத்த விலையிலிருந்து கற்றதைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பாய் ஏற்றவும் சுருக்கவும் நங்கூரம் போடவும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. அவற்றை இங்கே விளக்கவில்லை.

எல்லாப் படிகளிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் பழுதானால், நள்ளிரவில், படகு ஆடும்போது, என் ஒருவன் கை அதை எட்டுமா?

படி 1: நீளமும் எடையும்

தனியாளுக்கு 28 முதல் 34 அடி வரை என்பது என் கருத்து. பழைய வடிவப் படகுகளில் உலகைத் தனியாகச் சுற்றுவதற்கென்றே நடத்தப்படும் கோல்டன் குளோப் பந்தயம், 1988-க்கு முன் வரையப்பட்ட, 32 முதல் 36 அடி வரையிலான படகுகளையே ஏற்கிறது. உலகைத் தனியாக, எங்கும் நிற்காமல் முதன்முதலில் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968 ஜூனில் புறப்பட்டு 312 நாள் கழித்துக் கரை சேர்ந்தது, மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடி ‘சுஹைலி’யில். மேட் ரதர்ஃபோர்டு 2011–12-இல் இரு அமெரிக்கக் கண்டங்களையும் 309 நாளில் நிற்காமல் சுற்றியது 27 அடி ஆல்பின் வேகாவில். அபிலாஷ் டோமி 56 அடி ‘மாதே’யில் மும்பையிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2013-இல் தனியாகவே திரும்பி வந்தாரே என்று கேட்கலாம், அவர் கடற்படை அதிகாரி, அவருக்குப் பின்னால் கடற்படையே நின்றது. நமக்குப் பின்னால் வங்கிக் கணக்கு மட்டுமே நிற்கிறது.

மிகச் சிறியதும் ஆகாது. பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகள் வரை சுமார் 3,000 கடல்மைல். நாளுக்கு 100 மைல் என்று கொண்டால் 30 நாள். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 லிட்டர் வைத்தால் 120 லிட்டர், தாமதத்துக்குப் பாதி சேர்த்தால் 180 லிட்டர். தண்ணீர் மட்டும் 180 கிலோ. டீசலும் உணவும் சங்கிலியும் இன்னும் ஏறவில்லை. இலேசாகக் கட்டிய 25 அடிப் படகு இந்தச் சுமையிலேயே தன் நீர்க்கோடு, அதாவது நீர்மட்டம் நிற்க வேண்டிய கோடு, மறையும்படி தாழ்ந்துவிடும்.

படி 2: கீல், சுக்கான், கவிழும் எண்

நீளக் கீலும் (கீல் என்பது படகின் அடியில் நீருக்குள் இறங்கிக் கவிழாமல் காக்கும் கனத்த பகுதி) அதன் பின்விளிம்பிலேயே பொருத்திய சுக்கானும் உள்ள படகு, அல்லது குட்டைக் கீலும் சுக்கானுக்கு முன்னால் தாங்குபாகமும் உள்ள படகு, இவ்விரண்டையே நான் பரிந்துரைப்பேன். தாங்கல் எதுவுமின்றித் தனித்துத் தொங்கும் சுக்கான் வேகம் தரும்; மிதக்கும் மரக்கட்டையில் மோதினால் வளைவது அதன் தண்டுதான். நீளக் கீல் படகு மரீனாவில் பின்னோக்கிச் செல்லும்போது சொன்ன பேச்சைக் கேட்காது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

1979-இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கி, போட்டியிட்டவர்களில் 15 பேர் உயிரிழந்த பிறகு, கவிழும் போக்கை அளக்க எளிய கணக்கு ஒன்று உருவானது. படகின் அகலத்தை அடியில் எடுத்துக்கொள்ளுங்கள். எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலம் காணுங்கள். அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் வரும் விடை 2-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய பிரிவில் முடித்த ஒரே படகான ‘அசென்ட்’ ஒரு கான்டெஸா 32. அவ்வகைப் படகின் அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்டு. 64-ஆல் வகுத்தால் 148.4, கனமூலம் 5.29, விடை 1.79. இந்தக் கணக்குக்கு எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது, ஆகவே பாய்மர உச்சியில் ரேடாரும் மேல்தளத்தில் டீசல் கேன்களும் ஏற்றிவிட்டு 1.79 என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

படி 3: செயின்பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள்

இங்கேதான் நான் சறுக்கினேன், ஆகவே இங்கே நீளமாக எழுதுகிறேன்.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் மேல்தளத்தில் ஓர் இரும்புப் பட்டையில் வந்து மாட்டுகின்றன. அந்தப் பட்டைதான் செயின்பிளேட். பெரும்பாலான பழைய படகுகளில் அது மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, உள்சுவரில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். பொருள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது, ஆக்சிஜன் பட்டுக்கொண்டே இருக்கும் வரைதான் உண்மை. மேல்தளத்தின் தடிமனுக்குள், பழைய சீலண்ட் விரிசல் விட்ட இடத்தில், உப்புநீர் புகுந்து தேங்கி நின்றால், ஆக்சிஜன் கிடைக்காத அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மட்டும் எஃகு தன் பாதுகாப்புப் படலத்தை இழந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கப்படுகிறது. மேலே பளபளப்பு, கீழேயும் பளபளப்பு, நடுவில் பல்லில் விழுந்த சொத்தை.

வாங்கும் முன் படகைச் சோதிக்க நான் அமர்த்திய சர்வேயரின் அறிக்கையில் செயின்பிளேட் பற்றி ஒரே வரி இருந்தது: “அணுக முடிந்த பகுதிகளில் குறை காணப்படவில்லை.” அதைக் குறை இல்லை என்று நான் படித்துக்கொண்டேன். பிப்ரவரியில், வடகிழக்குக் காற்றில், லங்காவியிலிருந்து மேற்கே இந்தோனேசியாவின் சபாங் நோக்கிச் சென்ற இரண்டாம் இரவில், தட்டைத் தட்டினாற்போல் ஒற்றைச் சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வலப்புறக் கீழ்க்கம்பி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் செயின்பிளேட்டின் மேல்பாதி தொங்கியது. காற்று வலப்புறத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. படகை உடனே திருப்பி லங்காவியை நோக்கி விட்டதால் காற்று இடப்புறத்துக்கு மாறி, பாரம் நல்ல கம்பிகளின் மேல் விழுந்தது. பாய் ஏற்றும் கயிறு ஒன்றை வலப்புற ஓரத்தில் கட்டி இறுக்கினேன். பாய்மரம் நின்றது. உடைந்த முகத்தில் பழுப்பு நிறம் முக்கால் பங்கு, புதிதாக முறிந்த வெள்ளி நிறம் கால் பங்கு. எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் கால் பங்குதான் பாய்மரத்தைத் தாங்கி வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இது. முதலில் அறைக்குள் சென்று செயின்பிளேட்டின் போல்ட்டுகளைத் தேடுங்கள். அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தால் பலகையைக் கழற்ற விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மரத்தில் கறுப்பாக நீர் வழிந்த தடம் இருந்தால் அந்தச் செயின்பிளேட்டையே தேர்ந்தெடுங்கள். காற்றில்லாத நேரத்தில், படகைத் துறையில் கட்டி நிறுத்தியிருக்கும்போது, பாய் ஏற்றும் கயிற்றால் பாய்மரத்துக்கு மாற்றுப் பிடிமானம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு கம்பியை மட்டும் தளர்த்திப் போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டையை மேலே உருவுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மேல்தளத்துக்குள் இருந்த பகுதியைத் துணியால் துடைத்து, வெல்டிங் பட்டறைகளில் கிடைக்கும் சிவப்புச் சாயத்தைத் தெளியுங்கள். கால் மணி நேரம் விட்டுத் துடைத்துவிட்டு, அதனுடன் வரும் வெள்ளைத் தெளிப்பானை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெண்மையின் மேல் சிவப்புக் கோடு எழும். முதல்முறை என் பட்டையில் மயிரிழை போன்ற அந்தக் கோடு மெல்ல மெல்லத் தோன்றியதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், எல்லாச் செயின்பிளேட்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சர்வேயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் எதைப் பார்க்கவில்லை என்பதற்குத் தனிப் பட்டியல் எழுதி வாங்குங்கள். வாய்ப்பிருந்தால், செயின்பிளேட்டைப் படகின் வெளிப்புறத்தில் போல்ட் போட்டுப் பொருத்திய படகையே தேடுங்கள். அழகு குறைவு, ஆனால் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். தாங்கு கம்பிகளின் வயது 10 ஆண்டைத் தாண்டியிருந்தால், எப்படித் தோன்றினாலும் புதுக் கம்பிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

படி 4: மேல்தளம்

இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் இலேசான பால்சா மரத்தை வைத்த மேல்தளத்தை ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். ‘டக் டக்’ என்ற கூர்மையான ஒலி மங்கி ‘தொம்’ என்று மாறும் இடத்தில் மரம் உளுத்திருக்கும். திருகாணி போட்டுத் தேக்கு பதித்த மேல்தளம் வேண்டவே வேண்டாம்; ஒவ்வொரு திருகாணியும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

படி 5: காற்றில் இயங்கும் சுக்கான்காரர்

தனியாள் தூங்க வேண்டுமானால் வேறொருவர் படகை ஓட்ட வேண்டும். மின்சாரமே இல்லாமல் காற்றின் திசையைப் பிடித்து ஓட்டும் விண்ட்வேன்தான் அந்த ஆள். ஏரீஸ், மானிட்டர், விண்ட்பைலட் போன்றவை நீருக்குள் தொங்கும் துடுப்பின் பக்கவாட்டு வீச்சைக் கயிறு வழியாகப் படகின் சுக்கானுக்குக் கொண்டுசெல்பவை. ஹைட்ரோவேன் தனக்கென்றே ஒரு சிறு சுக்கான் வைத்திருக்கிறது. எனக்கு முதல் வகையே பிடிக்கும்: வேகம் கூடக்கூட அதன் வலுவும் கூடுகிறது, கயிறு அறுந்தால் நானே மாற்றலாம். அதற்கு ஸ்டியரிங் சக்கரத்தைவிட, சுக்கானை நேரடியாகத் திருப்பும் டில்லர் கட்டை உள்ள படகு நல்லது. கயிறு நேராகப் போகும், உராய்வு குறையும். படகின் பின்புறத்தில் அதைப் பொருத்த இடம் இருக்கிறதா, ஏணியும் சிறுபடகைத் தூக்கும் கம்பங்களும் வழிமறிக்கின்றனவா என்று விலை பேசும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். எஞ்சினில் செல்லும்போது என்ன செய்வது என்று இருவர் எழுதிக் கேட்டிருந்தார்கள்: மின்சாரத்தில் டில்லரை அசைக்கும் சிறிய டில்லர்பைலட் ஒன்றை விண்ட்வேனின் காற்றுத் தகட்டுக்குப் பதிலாக இணைத்தால், மிகக் குறைந்த மின்சாரத்தில் அதுவே ஓட்டும்.

படி 6: எஞ்சின், சீகாக், காகிதம்

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் போகும்போது அது வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை நீங்களே கழற்றிப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கித்தான் எட்ட முடியும் என்றால் கடலிலும் அப்படித்தான். படகின் அடியில், கடல்நீர் வந்துபோகும் துளைகளை அடைக்கும் வால்வான சீகாக் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். சாதாரணப் பித்தளையாக இருந்தால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றிருக்கும். சுரண்டிய இடம் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருப்பது அதன் அடையாளம். மாற்றும்போது வெண்கலம் போடுங்கள்.

பிரிட்டிஷ் கொடி பறக்கும் படகானால், சிறு படகுகளுக்கான மூன்றாம் பகுதிப் பதிவு உரிமையை நிரூபிக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முந்தைய விற்பனைப் பத்திரங்களின் தொடர் முழுவதையும் கேளுங்கள்.

படி 7: தனியாக ஓட்டிப் பார்த்தல்

விற்பவரை ஒரு மூலையில் அமரவைத்து, வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நங்கூரம் எடுப்பது, பெரிய பாயை ஏற்றுவது, இரண்டு சுருக்கு போடுவது, மீண்டும் நங்கூரம் போடுவது அனைத்தையும் நீங்களே செய்யுங்கள். எத்தனை முறை டில்லரை விட்டு முன்னால் ஓட வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். கயிறுகளை, டில்லர் பிடித்து அமரும் காக்பிட் வரை கொண்டுவருவது சிறு செலவில் முடியும். இழுக்க முடியாத அளவு பெரிய பாயை அப்படிச் சரிசெய்ய முடியாது.

பின்சேர்க்கை: தன் படகின் செயின்பிளேட்டுகள் ஃபைபருக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன, கழற்ற வழியில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சாயச் சோதனை அங்கே பயன்படாது. பழையதை அங்கேயே விட்டுவிட்டு, உட்புறம் ஃபைபர் அடுக்கிப் பலப்படுத்தி, வெளிப்புறத்தில் புதுப் பட்டைகளைப் பெரிய பின்தகடுகளுடன் பொருத்துவதே வழி. கம்பியின் கோணம் மாறும் என்பதால், துளை போடும் முன் பாய்மரமும் கம்பியும் பொருத்தும் தொழிலாளியான ரிக்கர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். என் படகில் இந்த வேலை ஆறு வாரம் எடுத்தது. பித்தளை விளக்கை விற்ற பணம் போல்ட்டுகளுக்கு மட்டும் சரியாக இருந்தது.