பவளத் தொட்டிக்கு எந்த உப்பு? வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கடல்நீர்த் தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சமையலறையில் இருக்கிற கல் உப்பைப் போட்டால் ஆகாதா?" என்பதுதான். ஆகாது. ஏன் என்பதைத் தூத்துக்குடி உப்பளத்திலேயே பார்த்துவிடலாம். வெயிலில் கடல்நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம். அவை படிந்தபின் செறிந்த நீரை வேறு பாத்திக்கு விட்டுத்தான் உப்பை விளைய வைக்கிறார்கள். உப்பை வாரியெடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பவளம் தன் கூட்டைக் கட்டிக்கொள்ளத் தேவையான கால்சியத்தில் பெரும்பங்கு முந்தைய பாத்திகளிலேயே தங்கிவிட்டது. பவளத் தொட்டிக்கென்றே தயாரித்து வாளியில் விற்கும் ரீஃப் உப்பில் இவை அனைத்தும் கணக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். விலை கூடுதலாக இருப்பதும் அதனால்தான்.

கடற்கரையில் குடத்தை நிரப்பி வரும் யோசனையும் வேண்டாம். நகரத்தை ஒட்டிய கரையில் கழிவுநீர் கலக்காத இடம் அரிது.

படி 1: எதை வளர்க்கப்போகிறீர்கள்?

மீன் மட்டும் என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. தரமான எந்தக் கடல் உப்பும் போதும். காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கும் சாதாரண ரீஃப் உப்பே சரி. கிளை கிளையாக வளரும் கடினப் பவளங்களுக்குத்தான் எண்களைப் பார்த்து வாங்க வேண்டும். (மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது கடினப் பவளத்தை நீட்டினால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது.)

படி 2: வாளியின் முதுகைப் படியுங்கள்

முன்பக்கத்துப் படங்கள் எல்லா நிறுவனத்திலும் அழகாகவே இருக்கும். பின்பக்கத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள். இயற்கைக் கடல்நீரில் உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கும்போது கால்சியம் ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு), மக்னீசியம் 1,300 பிபிஎம், காரத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகளின் அளவு, 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). கால்சியமும் மக்னீசியமும் இதை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் போதும்.

அந்த எண்கள் எந்த உப்புத்தன்மைக்குக் கொடுக்கப்பட்டவை என்பதையும் பாருங்கள். 35 பிபிடியில் 420 காட்டும் கால்சியம், 33 பிபிடியில் கரைத்தால் 396தான். இதைக் கவனிக்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் நல்ல உப்பும் மட்டமாகத் தெரியும்.

படி 3: காரத்தன்மையைக் கொண்டு முடிவெடுங்கள்

என் கணக்கில் தேர்வின் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது. உப்புக்கு உப்பு பெரிதாக மாறுவது காரத்தன்மைதான். கடல் உப்பு விற்கும் ரெட் சீ நிறுவனத்தையே பாருங்கள்: நீல வாளி 8 டிகேஎச்சை ஒட்டி, கறுப்பு வாளியான கோரல் ப்ரோ 12ஐ ஒட்டி. கறுப்பு வாளிதான் உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். அது வேகமாக வளரும் பவளங்கள் காரத்தன்மையை மளமளவென்று இழுக்கும் தொட்டிகளுக்கானது. நான்கைந்து துண்டுப் பவளங்களோடு தொடங்கும் புதிய தொட்டியில் அதற்கு வேலையில்லை.

உங்கள் தொட்டி 100 லிட்டர், காரத்தன்மை 8 என்று வைத்துக்கொள்வோம். 12 உள்ள நீரால் 10 லிட்டரை மாற்றினால் தொட்டி 8.4க்கு ஏறும், பவளம் பொருட்படுத்தாது. ஏதோ அவசரத்தில் பாதி நீரை மாற்ற நேர்ந்தால் ஒரே மூச்சில் 10க்குத் தாவும். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் மாறக்கூடாது என்பது இத்துறையில் பொதுவான அறிவுரை. ஆகவே, தொட்டியை எந்த அளவில் வைத்திருக்கப்போகிறீர்களோ அந்த அளவைத் தரும் உப்பை வாங்குங்கள். தொடக்கநிலையாளருக்கு 8 முதல் 9 வரை நிம்மதியான இடம்.

படி 4: ஐந்து லிட்டர் கரைத்துப் பாருங்கள்

சிறிய பொட்டலமாக முதலில் வாங்குங்கள். தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) சுழியமாக இருக்க வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இயந்திரம் பலவற்றில் சுவைக்காகக் கனிமம் மீண்டும் சேர்க்கப்படுகிறது. அந்த நீரில் கரைத்தால் நீங்கள் சோதிப்பது உப்பையா, இயந்திரத்தையா என்று தெரியாது. மிஞ்சிய கனிமங்களையும் அகற்றும் டிஐ பிசின் வழியாக வந்த நீரே வேண்டும்.

தண்ணீரை 25 டிகிரி செல்சியஸில் வைத்து, சிறு பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அடியில் செறிவு ஏகத்துக்கும் கூடி, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. 5 லிட்டருக்கு ஏறத்தாழ 190 கிராம் பிடிக்கும்.

முழுதும் தெளிந்தபின் அளவெடுங்கள். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரால் சரிசெய்தால் போதாது, 35 பிபிடி அளவுத் திரவத்தால் சரிசெய்யுங்கள். 35க்குக் கொண்டுவந்த பிறகே காரத்தன்மைச் சோதனை. சாலிஃபெர்ட் நிறுவனத்தின் சோதனைப் பெட்டியில், நீலப்பச்சையாக இருக்கும் குப்பி சோதனைத் திரவத்தின் கடைசிச் சொட்டுகளில் இளஞ்சிவப்பாகத் திரும்பும். திரும்பும் இடத்தில் அவசரப்படாமல் ஒவ்வொரு சொட்டாக விட்டு, குலுக்கிக் குலுக்கிப் பாருங்கள். வாளி சொன்னதற்கும் உங்கள் அளவுக்கும் அரை டிகேஎச் வேறுபாடு இருந்தால் கவலை வேண்டாம்; 2 என்றால் இன்னொரு முறை சோதித்துவிட்டு உப்பையே மாற்றுங்கள்.

படி 5: எவ்வளவு வாங்குவது?

20 கிலோ வாளி விலையில் மலிவாகத் தெரியும். ஆனால் 100 லிட்டர் தொட்டியில் வாரம் 10 லிட்டர் மாற்றுகிறவருக்கு வாரத்துக்கு 380 கிராம்தான் செலவு. அந்த வாளி ஓராண்டு கிடக்கும். கலவையில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. கடலோர ஊரின் மழைக்காலத்தில் திறந்த வாளி சில வாரங்களில் பாறையாக இறுகும், இறுகிய உப்பில் காரத்தன்மையும் குறைந்திருக்கலாம். 4 அல்லது 5 கிலோ பொட்டலமாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். போக்குவரத்தில் நுண்துகள் அடியில் இறங்கியிருக்கும். எடுக்கும் முன் டப்பாவைப் படுக்கவைத்துச் சில முறை உருட்டுங்கள்.

பின்னாளில் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், பழைய உப்பு தீரும் முன்பே புதியதை வாங்கி மேலே சொன்ன ஐந்து லிட்டர் சோதனையைச் செய்துவிடுங்கள். காரத்தன்மை நெருங்கி இருந்தால் அப்படியே மாறலாம். விலகி இருந்தால் முதல் சில வாரங்களுக்கு இரண்டையும் தனித்தனி வாளியில் கரைத்து, பாதிக்குப் பாதி சேர்த்து ஊற்றுங்கள்.