ஆடிட்டரிடம் வரிக் கணக்கைக் கொடுக்கும்போது

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வருமான வரிக் கணக்குகளைத் தயாரித்துவருகிறேன். ஜூலை பிறந்துவிட்டால் என் மேசைக்கு எதிரே உள்ள நாற்காலி காலியாகவே இருக்காது. வருகிறவர்களில் பலர் நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ஐ மட்டும் நீட்டி, "இதைப் போட்டுவிடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர்களை மறுபடி உட்காரச் சொல்வேன். கணக்கைத் தயாரிப்பது நாங்களாக இருந்தாலும், அதில் இருப்பது உண்மை என்று உறுதி கூறுவது அவர்கள். நோட்டீஸ் வந்தாலும் அவர்கள் பெயருக்குத்தான் வரும்.

கூடுமானால் ஜூன் பிற்பாதியிலேயே வாருங்கள். நிறுவனங்கள் படிவம் 16-ஐ ஜூன் 15-க்குள் தந்துவிட வேண்டும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. அதைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 1,000 ரூபாய். என்னைக் கேட்டால் கட்டணம் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் செலவு, சேமிப்புகளை வருமானத்திலிருந்து கழித்துக்காட்ட அதிகம் இடம் தரும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கெடுவோடு போய்விடுகிறது. வீட்டு வாடகை, காப்பீடு, சேமிப்பு என்று ஆண்டு முழுவதும் ரசீது சேர்த்துவைத்தவருக்கு அதுதான் வலிக்கும்.

வரும்போது எல்லா வங்கிக் கணக்குகளின் ஓராண்டு அறிக்கை, வைப்புத்தொகை வட்டிச் சான்று, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்றிருந்தால் அதன் லாப நட்டக் கணக்கு ஆகியவற்றை எடுத்துவாருங்கள். வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே வடிகட்ட வேண்டாம். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. வங்கி தந்த வட்டி, விற்ற பங்கு, வாங்கிய மனை எல்லாம் அதில் உங்கள் பான் எண்ணோடு பதிவாகின்றன. நீங்கள் மறந்துபோன சேமிப்புக் கணக்கின் வட்டியும் அங்கே இருக்கும். அதைத் திறந்து ஆடிட்டருடன் சேர்ந்து ஒவ்வொரு பதிவாகப் பாருங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத தொகை இருந்தால், தவறு என்று அங்கேயே பதில் பதியலாம்.

"வங்கியே வரி பிடித்துவிட்டதே" என்பார்கள். வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடிப்பது 10 சதவீதம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மீதி பாக்கிதான்.

வேலை மாறியவர்கள் இரண்டு படிவம் 16-ஐயும் கட்டாயம் கொண்டுவர வேண்டும். ஒருவர் 2025-26 நிதியாண்டில் முதல் நிறுவனத்தில் 9 லட்சம், அடுத்ததில் 9 லட்சம் வாங்கினார் என்று வையுங்கள். பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லவில்லை. இரண்டாவது நிறுவனம் தன் 9 லட்சத்தை மட்டும் பார்த்து, சம்பளக்காரர்களுக்கு ரசீது இல்லாமலே கிடைக்கும் நிலையான கழிவு 75,000 ரூபாயைக் கழித்து, புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் ஒரு ரூபாயும் பிடிக்காது. ஆனால் கணக்கில் இரண்டும் சேர்ந்து 18 லட்சம். கழிவோ ஒரே முறை. மீதி 17.25 லட்சத்துக்கு வரியும், அதன்மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 1,50,800 ரூபாய். முதல் நிறுவனம் பிடித்தது போக மிச்சத்தை வட்டியோடு கையிலிருந்து கட்ட வேண்டும். இதைக் கேட்டு முகம் வாடாதவரை நான் பார்த்ததில்லை. ஜூனிலேயே தெரிந்தால் பணம் புரட்டவாவது அவகாசம் கிடைக்கும்.

12 லட்சம் வரை வரியில்லை என்பதைக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம் என்று புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. புதிய முறையில் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். 12 லட்சம் வரை வரியில்லாமல் செய்யும் தள்ளுபடியை அந்தக் கணக்கில்தான் பெறுகிறீர்கள். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது.

யாரிடம் கொடுப்பது? பட்டயக் கணக்காளர் என்றால் அவருக்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினர் எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். கொடுக்காத நன்கொடை, இல்லாத வாடகை என்று எழுதித்தான் அந்த ரீஃபண்ட் வரும். இப்படிப் போலிக் கழிவுகளைக் காட்டியவர்களைத் தேடி வருமான வரித்துறை 2025 ஜூலையில் நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவு நிரூபிக்கப்பட்டால் அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்கலாம். அதைக் கட்ட வேண்டியவர் கழிவை எழுதித் தந்தவர் அல்ல, நீங்கள்.

தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் பதிவாகியிருக்க வேண்டும். வேலை சுலபம் என்று ஆடிட்டரின் முகவரியைக் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. துறை அனுப்பும் கடிதம் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

அனுப்பும் முன் கணக்கீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கம்ப்யூட்டேஷன் என்போம். பழைய முறை, புதிய முறை இரண்டிலும் எவ்வளவு வரி வருகிறது என்று அருகருகே காட்டச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உரிய நாளில் தாக்கல் செய்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஓடிபியை எங்களிடம் சொல்லிவிட்டுப் போகாமல், நீங்களே பதியுங்கள்.

பிறகு, துறை உங்கள் கணக்கைச் சரிபார்த்து அனுப்பும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். பான் எண்ணைச் சிறிய எழுத்திலும் அதைத் தொடர்ந்து பிறந்த தேதியையும் கொடுத்தால் கோப்பு திறக்கும். அதில் நீங்கள் காட்டிய தொகை ஒரு பத்தியிலும், துறை கணக்கிட்ட தொகை பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் அந்தக் கோப்பை அன்றே ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள்.