லீவுக்குப் பசங்களை வேலைக்கு வைக்கிறீர்களா? கடிகாரத்தைப் பாருங்கள்

பரீட்சை முடிந்ததும் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் ஜவுளிக்கடை, மொபைல் கடை, கேட்டரிங் என்று பசங்கள் வேலை கேட்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். "பதினாலு முடிஞ்சிருச்சுல்ல, வச்சுக்கலாம்" என்று முதலாளிகள் சொல்வது பாதிதான் சரி. 1986-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. பள்ளி நேரம் போக சொந்த வீட்டுத் தொழிலில், அதுவும் ஆபத்தில்லாத வேலையில், கூடமாட உதவலாம். 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தில்லாத வேலையில் வைக்கலாம். ஆனால் பெரும்பாலானோர் மாட்டுவது வயதில் இல்லை, நேரத்தில்.

இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் ஒரு மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும், அந்த ஓய்வும், வேலை வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் சேர்த்தே மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் கிடையாது, ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை கிடையாது, வாரம் ஒரு நாள் லீவு கட்டாயம்.

இதைக் கல்யாண மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். முகூர்த்தம் ஆறரைக்கு என்றால் ஏழு மணிக்கே டிபன் பந்தி. ரிசப்ஷன் பந்தியோ ராத்திரி எட்டுக்கு மேல். இரண்டிலுமே பிளஸ் டூ பையன் இலை போடக் கூடாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடலாம். கேட்டரிங்காரருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை, காலைக்கும் ராத்திரிக்கும் 18 முடிந்தவர்களைப் போடுங்கள். ராத்திரி பரோட்டா கடைக்கும் இதே கதைதான். தீபாவளிப் பட்டாசுக் கடையில் 18-க்குக் கீழ் யாரையும் எந்த நேரத்திலும் நிறுத்தாதீர்கள்.

சேர்க்கும்போது பத்தாவது மார்க் ஷீட் நகல் வாங்குங்கள் (ஒரிஜினலைப் பிடித்து வைப்பது ரொம்பத் தப்பு). பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், என்ன வேலை என்று ஒரு பதிவேடு. தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு 30 நாளுக்குள் எழுத்தில் தகவல். இந்த நேர, பதிவேடு விதிகளை மீறினால் ஒரு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட வரலாம். 14-க்குக் கீழ் உள்ளவரை வைத்தாலோ ஆபத்தான வேலையில் விட்டாலோ ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேலைக்குப் போகும் தம்பி, தங்கச்சிகளே, வந்த நேரம், போன நேரம், வாங்கிய கூலி எல்லாவற்றையும் தினமும் போனில் குறித்து வையுங்கள். தகராறு வந்தால் அதுதான் கைகொடுக்கும். மிரட்டினாலோ ராத்திரி நிறுத்தி வைத்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள், காசு ஆகாது.

அப்புறம், வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை ஆட்டுக்கிடைக்கோ வாத்து மேய்க்கவோ விட்டுவிடுவது லீவு வேலையே இல்லை. அது கொத்தடிமை, அதற்கு 1976 சட்டம் தனியாக இருக்கிறது. அப்படிப் பிள்ளையைப் பார்த்தால் கிடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் நேராகக் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ சொல்லுங்கள்.