மைனஸ் 25-இல் போன் செத்த கதை

கனடாவில், ஒன்ராறியோவின் ஹலிபேட்டன் பக்கம் ஸ்னோமொபைல் என்ற பனியில் ஓடும் வண்டியை ஓடப் போனபோது போனையே வழிகாட்டியாக நம்பினேன். மைனஸ் 25 பாகை. 60 வீதம் காட்டிய பற்றறி, கைபிடியில் மாட்டி அரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது. கையுறையைக் கழற்றித் திரையைத் தட்டியதில் விரல் விறைத்தது வேறு.

அடுத்த வாரமே பொத்தான் வைத்த கையடக்க ஜிபிஎஸ் வாங்கினேன். தொடுதிரை பார்க்க அழகுதான், தடித்த கையுறைக்குச் சரிவராது. டபுள் ஏ லித்தியம் பற்றறி போட்டேன். மைனஸ் 40 வரை தாங்கும். அல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். ஜிபிஎஸ் கருவியின் அமைப்பில் (செட்டிங்ஸ்) பற்றறி வகையை 'லித்தியம்' என்று மாற்றினால்தான் மீதியைச் சரியாகக் காட்டும். இதைக் கவனிக்காமல் ஒருநாள் பதறிப்போனேன்.

அப்புறம் வரைபடம். கருவியோடு வந்ததில் ஏரியும் தெருவும் இருந்தன, ஸ்னோமொபைல் பாதை இல்லை. தனியாக ஏற்றினேன். அதுவும் போதவில்லை. இங்கே பல பாதைகள் தனியார் காணி வழியே போகின்றன; காணிக்காரர் மறுத்தால் அடுத்த பருவம் பாதை வேறு பக்கம் திரும்பிவிடும். என் பழைய வரைபடம் என்னைப் பூட்டிய படலை ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

இப்போது புறப்படும் காலையில் மாகாண ஸ்னோமொபைல் கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் நிறம் பார்ப்பேன். பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மூடல். பாதை ஏரியைக் கடந்தால் இரண்டு தரம் பார்ப்பேன். பொக்கற்றில் கடதாசி வரைபடம். போன், சரி, அதுவும் வரும்; உள்சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில்.