பிரைமரி விழுந்தாலும் கமிட் ஆன கணக்கு தொலையக்கூடாது: போஸ்ட்கிரெஸ்ஸை மூன்று மெஷினில் ஓட்டுவது எப்படி

டீக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து 15 ரூபாய் அனுப்பியவரின் போனில் பச்சை டிக் வந்துவிட்டது. அடுத்த நொடி உங்கள் பிரைமரியின், அதாவது எழுத்துகளை ஏற்கும் முக்கிய டேட்டாபேஸ் மெஷினின், பவர் சப்ளை புகைகிறது. அரை நிமிடத்தில் ஸ்டாண்ட்பை, அதாவது நகலோடு காத்திருக்கும் மெஷின், பொறுப்பை ஏற்று ஓட ஆரம்பிக்கிறது, மானிட்டரில் எல்லாம் பச்சை, ஆனால் அதற்குள் அந்த 15 ரூபாய்க்கான வரியே இல்லை. சர்வீஸ் நிற்கவில்லை, கணக்குதான் பொய்யாகிவிட்டது. அதனால் எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் உங்கள் பிசினஸ் ஆட்களிடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்: இக்கட்டு வந்தால் பரிவர்த்தனையை ஏற்காமல் நிற்கலாமா, ஏற்றுக்கொண்டு சிலதைத் தொலைக்கலாமா? இரண்டும் கூடாது என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள்.

கீழே நான் சொல்லும் அமைப்பில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், அதை மேய்க்க பட்ரோனி, யார் லீடர் (அதாவது இப்போதைய பிரைமரி) என்று பதிந்துவைக்க எட்சிடி, அப்ளிகேஷனின் கனெக்ஷன்களை லீடருக்கு அனுப்ப முன்னால் ஹெச்ஏபிராக்ஸி. வேறு வழிகளும் உண்டு, எனக்குக் கைவந்தது இது.

முதலில் ரெப்ளிகேஷன், அதாவது பிரைமரியில் எழுதுவதை ஸ்டாண்ட்பைக்கு நகலெடுப்பது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் 2010-ல் 9.0 பதிப்பில் வந்தது, ஸ்டாண்ட்பையின் பதிலுக்குக் காத்திருக்கும் சிங்க்ரனஸ் முறை அடுத்த வருடம் 9.1-ல். ஆனால் அந்தக் காத்திருப்பு தானாக நடக்காது. கான்ஃபிக் ஃபைலில் 'சிங்க்ரனஸ் கமிட்' (கமிட் என்பது பரிவர்த்தனையை முடித்து நிலையாகப் பதிவது) என்ற அமைப்பு இயல்பாகவே 'ஆன்' என்று இருப்பதைப் பார்த்து, ஏற்கெனவே ஆன்லதானே இருக்கு என்று நிம்மதியாகிவிடுபவர்கள் நிறையப் பேர். எந்த ஸ்டாண்ட்பைக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் காலியாக இருந்தால் அந்த 'ஆன்' சொல்வது இவ்வளவுதான்: பிரைமரியின் சொந்த டிஸ்க்கில் எழுதியாகிவிட்டது. டிஸ்க்கோடு மெஷின் போனால் அதுவும் போச்சு.

பட்ரோனி இருக்கும்போது அந்தப் பட்டியலைக் கையால் எழுதாதீர்கள், அதுவே எழுதி, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது 'சிங்க்ரனஸ் மோட்' என்பதை ஆன் செய்வது (4.0 பதிப்பிலிருந்து 'கோரம்' என்றும் வைக்கலாம், இரண்டு ஸ்டாண்ட்பையில் எது முதலில் பதில் சொன்னாலும் கமிட் நகரும்). இப்போது அந்த எழுத்துப்பூர்வ பதிலை எடுங்கள். வெறும் சிங்க்ரனஸ் மோட் என்றால், எல்லா ஸ்டாண்ட்பையும் விழுந்த நிலையில் பட்ரோனி காத்திருப்பைக் கைவிட்டு பிரைமரியைத் தனியாக எழுத விடும். 'ஸ்ட்ரிக்ட்' என்ற கூடுதல் அமைப்பையும் ஆன் செய்தால் எழுதுவது நின்றுவிடும். பணம் தொடர்பான டேபிள் என்றால் நான் ஸ்ட்ரிக்ட் பக்கம்தான். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: தொங்கிக்கொண்டிருக்கும் கமிட்டை யாராவது பொறுமையிழந்து கேன்சல் செய்தால் அது ரோல்பேக் ஆகாது, அதாவது பழைய நிலைக்குத் திரும்பாது. லோக்கலாகக் கமிட் ஆகிவிட்டது, ஸ்டாண்ட்பைக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். நடுராத்திரி அழைப்பில் இருப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காத்திருப்புக்கு விலை உண்டு. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும், ஆக போய்வர குறைந்தது 10 மில்லிசெகண்ட், நிஜத்தில் கேபிள் சுற்றிப் போவதால் அதைவிட அதிகம். பத்துதானே என்று தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸ் அந்தக் காத்திருப்பு முடியும்வரை ரோ லாக்கை (அந்த வரியை வேறு யாரும் மாற்றாமல் பிடித்துவைக்கும் பூட்டை) விடாது, அதனால் ஒரே வரியை, அதாவது ஒரு பெரிய வியாபாரியின் பேலன்ஸை, நொடிக்கு 100 தடவைக்கு மேல் அப்டேட் செய்யவே முடியாது. சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பையை அதே ஊரில் வேறு கட்டடத்தில் வையுங்கள், தூரத்து ஊருக்கு அசிங்க்ரனஸாக, அதாவது பதிலுக்குக் காத்திருக்காமல், ஒன்று போகட்டும்.

சரி, யார் லீடர்? ஏன் மூன்று மெஷின்? இரண்டு மெஷின் மட்டும் இருந்து நடுவில் உள்ள ஒயர் அறுந்தால், எதிரில் இருப்பவன் செத்துவிட்டானா, நமக்குத்தான் கேட்கவில்லையா என்று இரண்டுக்குமே தெரியாது. எட்சிடி பெரும்பான்மை வாக்கில் ஓடுவது: மூன்று நோடில் ஒன்று போனால் தாங்கும், ஐந்தில் இரண்டு, இரண்டில் ஒன்றுகூடத் தாங்காது. மூன்றையும் ஒரே ரேக்கில், ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு மூன்று என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

லீடரிடம் எட்சிடியில் ஒரு சாவி இருக்கும், அதன் ஆயுள் இயல்பாக 30 நொடி, பட்ரோனி 10 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். புதுப்பிக்க முடியாவிட்டால் பிரைமரி தானே இறங்கிவிடும், வேறொருவர் சாவியை எடுப்பார். வேகமாக மாற வேண்டும் என்று இதை முடிந்த அளவு குறைக்கும் ஆசை வரும், வேண்டாம். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் நெட்வொர்க் துண்டானது வெறும் 43 நொடி. அதற்குள் அவர்களுடைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் தானியங்கி ஏற்பாடு பிரைமரியை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது, மற்ற கரைக்குப் போய்ச் சேராத எழுத்துகள் இரண்டு பக்கமும் நின்றன, சரிசெய்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. சின்ன தும்மலுக்கெல்லாம் ஃபெயிலோவர், அதாவது பிரைமரியை மாற்றுவது, அவ்வளவு நல்லதல்ல.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். மெஷின் சாகாமல் போஸ்ட்கிரெஸ் மட்டும் கிராஷ் ஆனால், பட்ரோனி அதை அதே இடத்தில் எழுப்பத்தான் முயலும், அதற்கு இயல்பாக 300 நொடி வரை பொறுக்கும். ஐந்து நிமிடம் உங்களுக்குத் தாங்காது என்றால் அதைக் குறையுங்கள். பட்ரோனியே உறைந்துபோய் போஸ்ட்கிரெஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் இறங்கச் சொல்ல ஆள் இல்லை, இரண்டு பிரைமரி ஆகிவிடும். இதற்குத்தான் லினக்ஸ் வாட்ச்டாக், பட்ரோனியிடமிருந்து சத்தம் வராவிட்டால் அது மெஷினையே ரீபூட் செய்யும். பலர் விட்டுவிடும் படி இது.

நானே மாட்டிய இடம் ஒன்று. ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்பது, ஸ்டாண்ட்பை படித்து முடிக்கும்வரை வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு) ஃபைல்களை அழிக்காதே என்று பிரைமரிக்குச் சொல்வது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்ட்பை ஒன்று நின்றுபோனது, ஒன்று போனால் பரவாயில்லை, திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டோம். வால் பெயருக்கேற்ற மாதிரி நீண்டுகொண்டே போய் ஞாயிறு காலை பிரைமரியின் டிஸ்க்கை நிரப்பியது. பாதுகாப்புக்கு வைத்த ஸ்டாண்ட்பையே பிரைமரியைக் கொன்றது. 13-வது பதிப்பிலிருந்து ஸ்லாட் எவ்வளவு வால் பிடித்துவைக்கலாம் என்று உச்சவரம்பு போடலாம். போடுங்கள்.

அப்புறம் அப்ளிகேஷன் பக்கம். பழைய பிரைமரி சத்தமில்லாமல் செத்தால், திறந்திருக்கும் கனெக்ஷனுக்கு அது தெரியாது. லினக்ஸின் இயல்பான கீப்அலைவ் 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் தடவை தட்டிப் பார்க்கும். அதைப் பத்துப் பதினைந்து நொடிக்குக் கொண்டுவாருங்கள், ஹெச்ஏபிராக்ஸியில் நோடு விழுந்ததாகக் குறித்த உடனே அதன் செஷன்களை வெட்டச் சொல்லுங்கள். கமிட் அனுப்பி பதில் வருவதற்குள் கனெக்ஷன் அறுந்தால் அது நடந்ததா இல்லையா என்று அப்ளிகேஷனுக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அப்ளிகேஷனே ஒரு தனி எண் கொடுத்து, டேபிளில் அதற்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்காத விதி) வைத்தால்தான் மறுபடி அனுப்பும்போது 15 ரூபாய் 30 ஆகாது.

பேக்கப் தனி. ஸ்டாண்ட்பை பேக்கப் ஆகாது, தவறாக அடித்த டெலீட் அங்கேயும் உடனே போய்ச் சேரும். கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று பிரைமரியின் டேட்டா டைரக்டரியைத் தவறுதலாக அழித்தபோது, நம்பியிருந்த பேக்கப் வழிகள் கைவிட்டன, சுமார் 6 மணி நேர டேட்டா போயே போனது.

கடைசியாக, உடைத்துப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: 1, 2, 3 என்று வரிசையாக ஒரு டேபிளில் இன்சர்ட் செய்து, கமிட் ஆனது என்று பதில் வந்த எண்ணை மட்டும் வேறொரு மெஷினில் உள்ள டெக்ஸ்ட் ஃபைலில் எழுத வேண்டும். அது ஓடும்போதே பிரைமரியின் பவரைப் பிடுங்குங்கள், அடுத்த முறை நெட்வொர்க் கேபிளை, அதற்கடுத்து பட்ரோனிக்கு மட்டும் ஸ்டாப் சிக்னல். ஒவ்வொரு தடவையும் ஃபெயிலோவர் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். டேபிளில் உள்ள, ஆனால் ஃபைலில் இல்லாத எண் ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், பதில் வழியில் தொலைந்த கமிட் அது. ஃபைலில் உள்ள, ஆனால் டேபிளில் இல்லாத எண் ஒன்றே ஒன்று இருந்தாலும் சிங்க்ரனஸ் அமைப்பை முதலிலிருந்து பாருங்கள்.